விடை வந்தபிறகும் கணக்கு முடிவதில்லை

நம்பிக்கை: யோசிக்க வைக்கும் கணக்கெல்லாம் தனி பீரியடில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாடத்தை முடிக்க வேண்டும்.

உண்மை: யோசனைக்குத் தனி பீரியட் தேவையில்லை. பாடப்புத்தகத்துக் கணக்கே போதும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. மேலே 2, கீழே 7; பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். "கடன் வாங்க மறந்துட்டே" என்று சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை அந்த விதியை இன்னொரு முறை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான்.

மாறாக, "27-ஐ 30 என்று வைத்துக்கொள். 52-இல் 30 போனால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். 22 என்று சொல்லும் பிள்ளைக்கு, விடை 22-க்குப் பக்கத்தில்தான் இருக்கும், 35 வரவே முடியாது என்பது தானாகப் புரியும். 3 கூடுதலாக எடுத்துவிட்டோமே என்று திருப்பிச் சேர்த்து 25-க்கு வந்துவிடும். இன்னொரு பிள்ளை 27-இலிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 52-க்கு 22 என்று மேலே எண்ணிப் போகும். மற்றொன்று ஐந்து குச்சிக்கட்டுகளில் ஒன்றைப் பிரித்து வைத்துக் காட்டும். மூன்றையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, "எல்லாவற்றிலும் 25 எப்படி வந்தது?" என்று கேட்டால் உத்தேசம், காரணம் கூறல், உருவகித்தல், தொடர்புபடுத்தல் எல்லாம் அந்த ஒரே கழித்தலில் நடந்துவிடுகின்றன. கடன் வாங்கும் முறையும் அப்போதுதான் அர்த்தத்தோடு மனதில் நிற்கும்.

நம்பிக்கை: வாய்ப்பாடும் வகுத்தலும் சரியாக வந்தால் மற்றது தானே வரும்.

உண்மை: வராது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வி: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதத்தினர் சரியாக வகுத்தார்கள். ஆனால் 29 சதவீதத்தினர் "31, மீதி 12" என்றே விடை எழுதினார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம் மட்டுமே. அந்தப் பன்னிரண்டு பேர் எதில் ஏறுவார்கள் என்று மற்றவர்கள் யோசிக்கவில்லை. வாய்ப்பாடு அவசியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

நம்பிக்கை: இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

உண்மை: தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்கான கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். உத்தேச மதிப்பீடு, அமைப்புகளைக் காணுதல், காரணம் கூறல், கணிதத்தைப் பேசுதல் போன்ற செயல்முறைகளைப் பள்ளிக் கணிதத்துக்குள் கொண்டுவர அந்தக் குழு அப்போதே வலியுறுத்தியது.

ஆசிரியர்களே, நாளைய பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால் ஒன்றையாவது இரண்டு மூன்று வழிகளில் போடச் சொல்லுங்கள். "எப்படி வந்தது?" என்ற கேள்வியைத் தவறாகப் போட்ட பிள்ளையிடம் மட்டும் கேட்காமல், சரியாகப் போட்ட பிள்ளையிடமும் கேளுங்கள்.