கிலுகிலுப்பை: உரமும் நஞ்சும் ஒரே பேரினத்தில்

காய்ந்த காயை ஆட்டினால் விதை கிலுகிலுவென்று சத்தம் போடும். அதனால்தான் கிலுகிலுப்பை. 1753இல் லின்னேயஸ் பதிவு செய்த குரோட்டலேரியா என்ற பேரினப் பெயரும் கிலுகிலுக்கும் தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததே. உலகில் இதில் சுமார் 700 இனங்கள் உண்டு. நம்ம தோட்டத்திலும் மேய்ச்சல் காட்டிலும் நான்கை அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதுமுங்க.

சணப்பு (ஜன்சியா): ஒடுங்கிய தனி இலை, பளிச்சென்ற மஞ்சள் பூ, வெல்வெட் போன்ற காய்.

கிலுகிலுப்பை (ரெட்டியூசா): தனி இலை. அடியில் குறுகி, நுனியில் அகன்று சற்றே பிளந்திருக்கும். மஞ்சள் பூவில் செங்கோடுகள்.

நீலப்பூ கிலுகிலுப்பை (வெருகோசா): அகன்ற இலை, பட்டையான முனைகள் கொண்ட தண்டு, நீலம் கலந்த பூ.

மூவிலைக் கிலுகிலுப்பை (பாலிடா): ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, வெளிர் மஞ்சள் பூ.

நான்குமே அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். பசுந்தாள் உரத்துக்கு நாம் எடுத்துக்கொண்டது சணப்பைத்தான். ஏக்கருக்கு சுமார் 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். அதற்குமேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்க நாளாகும்.

ஆனால் இந்தப் பேரினத்தில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சும் இருக்குது. ரெட்டியூசாவில், அதுவும் விதையில், மிக அதிகம். தின்ற மாடு அன்றைக்கே விழாது. வாரக்கணக்கில் கழித்துத்தான் இளைக்கும், அப்போது காரணம் பிடிபடாது. பச்சைப் புல் இருக்கும்போது மாடு இதைத் தொடாது. ஆபத்து வறட்சியிலும், வைக்கோலோடு கலந்து காய்ந்த தீவனத்திலும்தான். ஆகவே தீவனம் அறுக்குமுன் வயலை ஒரு சுற்று பார்த்து, மற்ற மூன்றையும் பிடுங்கிவிடுங்க. காய் பிடித்த சணப்பிலும் மாட்டை விட வேண்டாம்.

அதற்காக வேலியோரம் இருப்பதையும் அழிக்க வேண்டியதில்லை. கருப்பில் நீலப்புள்ளி போட்ட பட்டாம்பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பையில் மொய்ப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்த நஞ்சை உறிஞ்சி உடம்பில் சேர்த்துத்தான் பறவைகளிடம் இருந்து தப்பிக்கின்றன.

சணப்பு விதையைச் சொந்தமாக எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சணப்புப் பூ தானாகக் காய்ப்பது குறைவு. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு வந்து பூவை அழுத்தித் திறந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். விதைக்கு விட்ட பாத்தியின் பக்கத்து வேலியில் பட்ட மரம், காய்ந்த மூங்கில் நாலு இருந்தால் அப்படியே விட்டு வையுங்க. அடுத்த வருடம் விதைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.