வீட்டைச் சுமந்து கணவாய் இறங்குதல்

கூரையின்மேல் கூடாரத்தையும், பின்புறத்தில் அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்பெட்டி முதலிய கிருஹ உபகரணங்களையும் ஏற்றிக்கொண்டு, சில மனிதர்களின் பல நாள் ஜீவனத்தையே உடன் கொண்டு செல்லும் முகாம் வண்டியை, மற்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் போலவே எண்ணிப் பாறைப் பாதையில் செலுத்துவோர், புறப்படும்போதே பெரியதொரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். சமதரையில் அந்தப் பாரம் இருப்பதே தெரிவதில்லை. ஆனால் ஒரு சக்கரம் பாறையின்மேல் ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒருபுறமாகச் சாயத் தொடங்கும் அந்தக் கணத்தில், எஞ்சினின் வலிமையையும் சாரதியின் தைரியத்தையும்விட, பாரம் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. நமீபியாவின் வான் ஸைல் கணவாயை இத்தகைய வண்டியொன்றில் இறங்கிக் கடந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட மற்றப் பாடங்கள் யாவும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

அத்தேசத்தின் வடமேற்குக் கோடியில், அங்கோலாவின் எல்லையாக ஓடும் குனேனே ஆற்றுக்குத் தெற்கே, மலையும் வறண்ட ஆற்றுப்படுகைகளும் கலந்து கிடக்கும் காவோக்கோ பிரதேசத்தில் இருக்கிறது இந்தக் கணவாய். 1960களில், தென்னாப்பிரிக்கா அந்நாட்டை ஆண்டுவந்த காலத்தில், இப்பிரதேசத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பென் வான் ஸைல் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. கிழக்கேயுள்ள மேட்டு நிலத்திலிருந்து மேற்கேயுள்ள மரியன்ஃப்ளஸ் சமவெளிக்கு அது இறங்குகிறது. கிழக்கிலிருந்து மேற்காக மட்டுமே அதில் வண்டி செலுத்துவது என்பது எல்லோரும் கைக்கொள்ளும் நியதி. குறுகலான அப்பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் விலகிக்கொள்ள இடமில்லை. உதிர்ந்த கற்களின்மேல் கீழிருந்து ஏறி வருவதும் மிகக் கடினம். ஆகையால் மேலே நின்று நாம் செய்யும் தீர்மானம் மறுபரிசீலனைக்கு இடமில்லாதது. செங்குத்தான கடைசி இறக்கத்தில் முன்சக்கரங்களை வைத்துவிட்ட பிறகு, திரும்பிவிடலாம் என்னும் யோசனைக்கு அர்த்தமே இல்லை.

எங்கள் வண்டி ஹைலக்ஸ் வகையைச் சேர்ந்தது. கூரையில் இரண்டு கூடாரங்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கூடாரமும் அறுபது கிலோ அளவு எடையுள்ளது என்று கொண்டால், அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் சேர்த்து, வண்டியின் மிக உயர்ந்த இடத்தில் இரண்டு மனிதர்கள் படுத்திருப்பதற்கு ஒப்பான பாரம் ஏறிவிடுகிறது. இதன்மேல் விறகுக் கட்டையும், டீசல் தகரங்களும், இரண்டாவது ஸ்டெப்னியும் கூரையிலேயே ஏற்றப்படுவதை அவ்வழியில் பல வண்டிகளில் கண்டேன். அது அபாயகரமான வழக்கம். ஓபுவோ நகரில், புறப்படுவதற்கு முந்திய மாலையில், கூடாரங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கூரையிலிருந்து இறக்கினோம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ எடையுள்ளது. டீசல் சற்றுக் குறைவு. ஆகையால் நீர்த் தகரங்களைப் பின்னச்சுக்கு முன்பாக, தரையோடு தரையாக வைத்து, வார்ப்பட்டைகளால் இறுகக் கட்டி, அவற்றின்மேல் உணவுப் பெட்டிகளையும், எல்லாவற்றுக்கும் மேலே படுக்கைத் துணிகளையும் அடுக்கினோம். கனமானது கீழே, இலேசானது மேலே என்னும் இந்த முறை யாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும், சமையலுக்கு எது முதலில் வேண்டும் என்ற சௌகரியத்தை நினைத்தே பெரும்பாலோர் வண்டியை அடுக்குகிறார்கள். கணவாயைக் கடக்கும் வரையிலாவது சௌகரியத்தை ஒதுக்கிவைத்து, ஸ்திரத்தை மட்டுமே எண்ணி அடுக்க வேண்டும். எரிவாயு உருளையும் குளிர்பெட்டியும் தனித்தனியே கட்டப்பட வேண்டும். இறக்கத்தில் அவை கட்டவிழ்ந்து முன்னே பாய்ந்தால் சாரதியின் முதுகைத்தான் வந்து தாக்கும்.

வாடகை வண்டியில் செல்வோர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது நலம். இக்கணவாயைப் பெயர் சொல்லியே விலக்கி, அங்கு நேரும் சேதத்துக்குக் காப்புறுதி இல்லையென்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. அனுமதியை எழுத்தில் பெறாமல் போவது நேர்மையும் ஆகாது, விவேகமும் ஆகாது. எரிபொருளுக்கு ஓபுவோவே கடைசி இடமென்று கருதி, சுற்றிக்கொண்டு மீண்டும் அங்கே வந்து சேர்வதற்குப் போதுமான அளவும், அதற்கு மேல் ஒரு பங்கும் நிரப்பிக்கொள்ள வேண்டும். தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லும் வண்டி எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதைத் தார்ச்சாலைக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. நமீபியாவில் இடப்புறமாகவே வண்டி ஓட்டுகிறார்கள் என்பது நம்மவர்க்கு ஓர் ஆறுதல்.

ஓபுவோவிலிருந்து ஒகொங்வாட்டி வரையில் சரளைச் சாலை. அதற்கு மேற்கே சாலை என்ற பெயரே பொருந்தாது. மொப்பானி மரங்களினூடே கல்லும் பள்ளமுமாகச் செல்லும் தடந்தான் உண்டு. கணவாயின் பெயரைக் கேட்டு அஞ்சுவோர் அதற்கு முன்னுள்ள இந்த நீண்ட தூரத்தை எண்ணுவதில்லை. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகமே கிடைக்கும் இடங்கள் பல. சாரதியின் பொறுமையும், வண்டியின் திருகாணிகளும் ஒருசேரத் தளர்வது இங்கேதான். மாலையில் வண்டி நின்றதும், அடுப்பை மூட்டுவதற்கு முன், கூடாரச் சட்டத்தின் திருகாணிகளையும், பட்டைவில்லை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளையும், ஸ்டெப்னியின் கொக்கியையும் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்ப்பதை நியமமாகக் கொண்டோம். கூரைச் சட்டத்தில் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்த ஒரு திருகாணியை இவ்வாறுதான் கண்டுபிடித்தோம். அடுத்த நாள் இறக்கத்தின் நடுவில் அது கழன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

டயர்களின் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் 35 பவுண்டு அளவில் இருந்த காற்றைச் சரளைச் சாலையில் 28 ஆகவும், பாறைத் தடம் தொடங்கியதும் 22 ஆகவும் குறைத்தேன். காற்றுக் குறைந்த டயர் கல்லின் முனையைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொண்டு அதைத் தழுவிப் பிடிக்கிறது. காற்று நிரம்பி விறைத்த டயரோ கல்லின்மேல் குதித்து, வண்டியின் மேற்பாரத்தை இருபுறமும் ஊசலாட வைக்கிறது. எனினும் மிகவும் குறைத்துவிட்டால், பிதுங்கி நிற்கும் டயரின் பக்கச்சுவரைக் கூர்மையான கற்கள் கிழித்துவிடும். பக்கச்சுவரில் கிழிந்த டயரை அங்கே ஒட்ட முடியாது. மணலுக்கு ஏற்ற 15 பவுண்டு பாறைக்கு ஏற்றதன்று. பாரம் மிகுந்த வண்டிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இரண்டு ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பேட்டரியில் இயங்கும் காற்றடிக்கும் கருவி ஆகிய மூன்றும் இன்றி அப்பக்கம் போகவே கூடாது.

கணவாய்க்குச் சற்று முன்பாக ஓட்ஜிஹெண்டே என்னும் இடத்தில் உள்ளூர் மக்கள் நடத்தும் முகாம் இருக்கிறது. அங்கே இரவைக் கழித்து, காலையில், வெயில் முதுகுப்புறம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குவது உத்தமம். பிற்பகலில் சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூசச் செய்வதால், கல்லுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது.

இனி, இறங்கும் முறை. கடினமான ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, அந்தப் பகுதி முடியும் வரையில் கீழே நடந்து சென்று, மீண்டும் மேலேறி வந்து பார்த்தோம். கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்போதுதான் படிபோல் நிற்கும் பாறையின் உண்மையான உயரம் புலப்படுகிறது. ஓட்டுநர் ஆசனத்திலிருந்து நோக்கினால் முன்மூடியும் வானமுமே தெரியும். எந்தச் சக்கரம் எந்தக் கல்லின்மேல் ஏற வேண்டும், எங்கே வலம் திரும்ப வேண்டும், பின்னச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் எந்தக் கல்லைத் தொடாமல் தப்ப வேண்டும் என்பதையெல்லாம் நடையிலேயே முடிவு செய்துகொண்ட பிறகு, ஓட்டுவது என்பது அம்முடிவை நிறைவேற்றுவதாக மட்டுமே எஞ்சுகிறது. உயர்ந்த கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டுச் செல்ல வேண்டுமென்று மனம் இயல்பாகவே நாடும். அவ்வாறு செய்யாமல், சக்கரத்தையே அக்கல்லின்மேல் ஏற்றிவிட்டால் வண்டியின் வயிறு தப்பும். படி மிக உயரமாக இருந்தால், தட்டையான கற்களைத் தேடி அதன் அடியில் அடுக்கிச் சாய்வு அமைக்கலாம். இதற்கு அரை மணி நேரம் செலவானால், அதை வீண் என்று கருதக் கூடாது.

வழிகாட்டும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். நம் மலைச்சாலைகளில் லாரிக் கிளீனர் பின்னால் இறங்கி நின்று வண்டியைத் தட்டி வழிசொல்வது போல, என் நண்பர் முன்னே நின்று, "வலப்பக்கம் ஒடிங்க… போதும்… நேரா விடுங்க… நில்லுங்க" என்று சொல்ல, அவர் குரலையும் கையையும் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை. மூவர் மூன்று திசையில் கூவும்போதுதான் விபத்துக்கள் நேர்கின்றன. வழிகாட்டுபவர் வண்டிக்குக் கீழ்ப்புறமாக, அது சறுக்கினால் வந்துசேரக்கூடிய நேர்கோட்டில் ஒருபோதும் நிற்கலாகாது.

கியரைப் பொறுத்தவரையில், லோ ரேஞ்சில் முதல் கியர். இரு கால்களும் கிளட்ச்சையும் பிரேக்கையும் விட்டு விலகியிருக்க, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்கும். அச்சத்தினால் பிரேக்கை அழுத்திச் சக்கரங்களைப் பூட்டிவிட்டால், உதிரிக் கற்களின்மேல் வண்டி தன்னிச்சையாக வழுக்கத் தொடங்கும். பின்புறம் ஒதுங்கி வண்டி குறுக்காகத் திரும்ப முற்படும். மேற்பாரம் உள்ள வண்டி சரிவுக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் அது கவிழும் நிலைக்கு மிக அருகில் வந்துவிட்டதென்று பொருள். அத்தருணத்தில் பிரேக்கை விட்டு, மனம் ஒப்பாவிடினும் ஆக்ஸிலரேட்டரைச் சிறிதே அழுத்தி, முன்புறத்தை மீண்டும் சரிவின் திசைக்கு நேராக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்களை அதன் உட்புறம் வளைத்துப் பிடிக்கலாகாது. சக்கரம் கல்லில் மோதி ஸ்டீயரிங் வெடுக்கெனத் திரும்பும்போது விரல் முறிந்துவிடக்கூடும்.

மிகக் கடினமான படியொன்றில் நாங்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஹிம்பா முதியவர் ஒருவர் நின்று எங்கள் வேலையைச் சிறிது நேரம் நோக்கினார். "மோரோ" என்று வணங்கினோம். அவரும் "மோரோ" என்றார். பிறகு நாங்கள் அடுக்கியிருந்த கற்களில் ஒன்றைக் காலால் அசைத்து, அது ஆடுவதைக் காட்டி, அதை எடுத்தெறிந்துவிட்டு வேறொன்றைத் தாமே கொண்டுவந்து பொருத்தினார். அந்தக் கல் அசையவில்லை. அப்பிரதேசம் வேடிக்கை பார்க்கச் செல்வோரின் மைதானமன்று. ஹிம்பா மக்களின் மேய்ச்சல் நிலமும் வாழ்விடமுமாகும். அவர்கள் குடியிருப்பின் நடுவே வண்டியை விடுவதும், கேளாமல் படம் எடுப்பதும், குழந்தைகளுக்கு வண்டியிலிருந்து மிட்டாய் வீசுவதும் மரியாதையுள்ள பிரயாணி செய்யத்தகாத காரியங்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இறக்கம் முடியும் இடத்தில், கடந்து சென்றோர் தங்கள் பெயரையும் தேதியையும் எழுதி விட்டுச் சென்ற கற்கள் குவிந்து கிடக்கின்றன. அதற்கப்பால் விரிவது மரியன்ஃப்ளஸ். இருபுறமும் மலைத்தொடர் எழுந்து நிற்க, நடுவே பொன்னிறப் புல் படர்ந்து, அப்புல்லின் நடுவில் தேவதை வட்டங்கள் என்று அழைக்கப்படும் வெற்று வட்டங்கள் எண்ணிறந்து தோன்றும் அச்சமவெளியைப் போன்ற காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மலையிறங்கிய களிப்பில் தடத்தை விட்டு விலகிப் புல்வெளியில் வண்டியை ஓடவிடத் தோன்றும். மழை அரிதான அந்நிலத்தில் ஒரு சக்கரத் தடம் அழிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பழைய தடத்திலேயே செல்ல வேண்டும். கூடாரத்தையும் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்திலேயே விரிக்க வேண்டும்.

மழை மாதங்களில் இக்கணவாயை நாடாதீர்கள். வெள்ளம் பாதையை அரித்துக் கற்களைப் புரட்டிவிடும். துணை வண்டி இன்றித் தனியே செல்லாதீர்கள். பின்னால் டிரெயிலர் இழுத்துச் செல்வோர் எவ்வளவு தேர்ந்த சாரதிகளாக இருப்பினும் இதில் இறங்கவே கூடாது. அவர்களும், கணவாயின் தலையில் நின்று பார்த்தபின் மனம் தயங்குவோரும், வந்த வழியே ஓபுவோவுக்குத் திரும்பி, தெற்கே ஓருபெம்பே வழியாகச் சுற்றி, சிவப்புப் பீப்பாய் என்று அழைக்கப்படும் சந்திப்பைக் கடந்து, அதே மரியன்ஃப்ளஸை அடையலாம். கூடுதலாகச் சில நாட்கள் பிடிக்கும். வண்டி முழுமையாக வந்து சேரும்.