காறிப்போன முந்திரியும் நம் இரத்தக் குழாயும்



பண்ருட்டி முந்திரி பாக்கெட்டைப் பிரித்துப் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மூடாமல் அலமாரியில் மாதக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்? ஒன்றை வாயில் போட்டதுமே "த்தூ, காறிப்போச்சு" என்று துப்புவோம். இந்தக் காறலுக்குக் காரணமான வேதிவினை நம் இரத்தக் குழாய்க்குள்ளும் நடக்கிறது. மாரடைப்புக்கு வழி செய்வதில் அதற்கும் பங்கு உண்டு. இதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

காறல் என்றால் என்ன?

எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலவற்றில் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதை ஒட்டிய ஹைட்ரஜன் லேசில் பிடுங்கப்பட்டுவிடும். பிடுங்குவது யார்? ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் ஃப்ரீ ராடிக்கல். ஹைட்ரஜனைப் பறிகொடுத்த கொழுப்பும் ஃப்ரீ ராடிக்கலாக மாறி, ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொண்டு, பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்கும்.

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வெளியே விட்ட செருப்பைக் காணோம் என்று ஒருவர் பக்கத்தில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். அதைத் தேடி வந்தவர் இன்னொன்றை மாட்டுகிறார். இப்படியே நூறு பேருக்குச் செருப்பு மாறிப்போகும். யாராவது ஒருவர் மாற்றுச் செருப்பு கொண்டுவந்து "இந்தாங்க, இதைப் போட்டுக்குங்க" என்று கொடுத்தால்தான் அது நிற்கும். வைட்டமின் ஈ அப்படிப்பட்ட ஆள். அதற்குப் பெயர் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்.

இரத்தத்தில் எப்படி?

கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் வண்டிகளில் ஒன்று எல்.டி.எல். செல்கள் அதை எப்படி உள்ளே எடுக்கின்றன என்று கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள விழுங்கு செல்கள் கொழுப்பைத் தின்று தின்று நுரை போல ஊதிக் கிடக்கின்றன. அதே செல்லுக்கு ஆய்வகத்தில் சாதாரண எல்.டி.எல். கொடுத்தால் அது அவ்வளவாகத் தின்பதில்லை. பிறகு எப்படி ஊதுகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் சம்பத் பார்த்தசாரதி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கொழுப்பு பற்றி ஆராய்ந்தவர், பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே சான் டியாகோவில் டேனியல் ஸ்டீன்பெர்க் குழுவில் சேர்ந்தார். இரத்தக் குழாயின் உள்சுவர் செல்களோடு வைக்கும்போது எல்.டி.எல்.-இல் உள்ள கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது என்று அந்தக் குழு 1984-இல் காட்டியது. அப்படி மாறிய எல்.டி.எல்.-ஐத்தான் விழுங்கு செல்கள் அளவில்லாமல் விழுங்குகின்றன. நம்ம பாஷையில் சொன்னால், காறிப்போன எல்.டி.எல்.! 1989-இல் அவர்கள் இதைத் தொகுத்து எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அதன்படி கொழுப்பு எவ்வளவு என்பதோடு, அது என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சிக்கல். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஃப்ரீ ராடிக்கலும் கூடும். சர்க்கரை ஒட்டிய எல்.டி.எல். சீக்கிரம் காறும்.

நம்ம சிதம்பரத்தில்

இந்தக் காறலை அளக்க ஒரு சோதனை உண்டு. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் அடர்த்தியானால் காறல் அதிகம். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளை வைத்து இந்தச் சோதனையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார்கள்.

அங்கிருந்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் சமையலறை பற்றியது. இரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்கு (ஆண்கள் 32, பெண்கள் 18) நல்லெண்ணெய் கொடுத்து, 45 நாள் வேறு எண்ணெயே சேர்க்காமல் சமைக்கச் சொன்னார்கள். இரத்த அழுத்தம் இயல்பு நிலைக்கு இறங்கியது. காறல் அளவும் குறைந்தது. அடுத்த 45 நாள் நல்லெண்ணெயை நிறுத்தியதும் அழுத்தம் பழையபடி ஏறிவிட்டது. எள்ளில் உள்ள செசாமின், செசமால் போன்ற பொருள்கள் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள். அமெரிக்காவில் பார்த்தசாரதியின் குழுவும் பின்னாளில் நல்லெண்ணெயை எலிகளில் ஆராய்ந்தது. நம் மாவட்டத்து விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. எள் ரகங்களை நினைத்துப் பெருமைப்படலாம்.

பெருமைப்படும்போதே ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 50 பேரும் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்துத்தான் நல்லெண்ணெய் சாப்பிட்டார்கள். "நல்லெண்ணெய் போதும், மாத்திரை எதுக்கு?" என்று நம் தெருக்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 50 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான்.

அப்படியானால் வைட்டமின் ஈ மாத்திரை?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இதய நோய் வரும் அபாயம் உள்ள 9,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் நாலரை ஆண்டுகள் வைட்டமின் ஈ அல்லது வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. பலன் இல்லை! சோதனைக் குழாயில் சரியாக வருவது உடம்பில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு புதிர். ஓடினால் மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் கூடுதலாகச் செலவாகிறது, ஆக்ஸிஜனேற்றமும் கூடத்தானே செய்யும்? பிறகு ஓடுவது எப்படி இதயத்துக்கு நல்லது? பார்த்தசாரதியின் குழு சுண்டெலிகளை ஓடவிட்டு 2001-இல் பதில் சொன்னது. ஓடிய எலிகளின் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு குறைவு. காரணம், கேட்டலேஸ் போன்ற தற்காப்பு நொதிகளை உடம்பே கூட்டிக்கொள்கிறது. வைட்டமின் ஈ-யும் கொடுத்தபோது அந்த நன்மை குறைந்தது. பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காருபவர்கள் கவனிக்க!

நாம் என்ன செய்யலாம்?

1. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்க வேண்டாம். கருத்து, கெட்டியாகி, நுரைத்தால் அது கெட்ட எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் கெட்டுப்போன துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அரசு விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அது பஜ்ஜிக் கடைக்கும் பொருந்தும்.
2. எண்ணெயை மூடி, வெளிச்சம் படாமல், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.
3. தினமும் வியர்க்க விளையாடுங்கள்.
4. வீட்டில் சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் விடாதீர்கள். பள்ளிப் பிள்ளை சொன்னால் பாட்டி கேட்பார்!

செய்து பார்ப்போம்

ஒரே பாக்கெட் முந்திரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். மறு பாதியை ஜன்னலோரம் திறந்த கிண்ணத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். எத்தனையாவது வாரம் வாடை மாறியது என்று இந்தச் சுவர் இதழுக்கு எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் பட்டியல் போடலாம். சோதனைக்கு வைத்த முந்திரியைத் தம்பி தங்கைகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!