அட்வான்ஸில் ஆளுக்கொரு பங்கு

அன்புள்ள கயலுக்கு,

சித்தி எழுதுகிறேன். பெருங்குடியில் வீடு அமைந்துவிட்டது, தோழிகள் மூன்று பேரோடு நீயும் குடிபோகிறாய் என்று அக்கா சொன்னாள். வாடகை 28,000, அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, ஆக 1,40,000, ஆளுக்கு 35,000 என்று கணக்கும் சொன்னாள். உன் பங்குக்காக அவள் சீட்டை முன்னதாகவே தள்ளி எடுத்திருக்கிறாள். மற்ற மூன்று வீடுகளிலும் இதே மாதிரி ஏதோ ஒரு சிரமம் இருந்திருக்கும். அதனால்தான் போனில் இரண்டு வார்த்தையோடு நிறுத்தாமல் எழுதுகிறேன். தோழிகளுக்கும் படித்துக் காட்டு.

ஆளுக்கு 35,000 என்பது உங்களுக்குள் நீங்கள் போட்டுக்கொண்ட கணக்கு. வீட்டுக்காரருக்கு அது ஒரே தொகை. நால்வரில் ஒருத்தி இரண்டு மாதம் தன் 7,000 ரூபாயைத் தராவிட்டால், அவர் 14,000 ரூபாயை அட்வான்ஸில் கழிப்பார். அது யாருடைய பங்கு என்று பார்க்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 43-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: பலர் சேர்ந்து ஒன்றை ஒப்புக்கொண்டால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். கொடுத்தவர் மற்றவர்களிடம் சம பங்கு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் கைவிரித்தால், அந்த நஷ்டத்தை மீதிப் பேர் சமமாகத் தாங்க வேண்டும். அடுத்த பிரிவையும் தெரிந்துகொள். வீட்டுக்காரர் ஒருத்தியை விடுவித்து அனுப்பிவிட்டாலும், தோழிகளுக்கு அவள் தரவேண்டியது தீர்ந்துவிடாது.

ஆகவே நால்வருக்கும் நடுவே ஒரு எழுத்து வேண்டும். மனஸ்தாபம் வந்த பிறகு எழுதினால் ஒவ்வொரு வரியும் குற்றச்சாட்டாகத் தெரியும். நல்ல மனதோடு இருக்கும் இப்போதே எழுதினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "நமக்குள் எதற்கு இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால், நமக்குள் நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் என்று சொல்.

முதலில் வாடகை ஒப்பந்தம். நால்வர் பெயரும் அதில் இருக்கட்டும், நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருத்தி பெயரில் மட்டும் போட்டால், வீட்டுக்காரர் முன் முழுப் பொறுப்பும் அவள் தலையில் விழும். அட்வான்ஸும் அவள் கைக்குத்தான் திரும்பி வரும். இரண்டுமே நட்புக்கு நல்லதல்ல. தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் வாடகைக்கு அது 84,000. ஐந்து மாதத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் இதைச் சொல்லி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பணத்தை ஒருத்தியிடம் சேர்த்துக் கொடுக்காமல், அவரவர் கணக்கிலிருந்து நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புங்கள். குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று எழுதுங்கள்.

சாமான் இறக்குவதற்கு முன்பே வீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். குளியலறை டைல்ஸில் விரிசல், சிங்க்குக்குக் கீழே ஒழுகல், கதவு தாழ்ப்பாள், ஜன்னல் வலை, சுவரில் ஏற்கெனவே அடித்த ஆணிகள், ஈ.பி. மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு வருஷம் கழித்து, "இது நீங்கள் வந்தபிறகு உடைந்தது" என்ற பேச்சு எழாது.

சிக்கல் பெரும்பாலும் நடுவில்தான் வரும். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகும், இன்னொருத்திக்குப் பெங்களூருக்கு மாற்றலாகும். போகிறவள் இடத்துக்கு வருகிறவள் 35,000 ரூபாயை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவாள். எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் அதற்கு முன் நடந்த சேதமெல்லாம் புதிதாக வந்தவள் தலையில் போய் உட்காரும். வாஷ்பேசின் முன்பே உடைந்திருந்தால், அதை உடைத்தது அவள் இல்லை. அவள் வருவதற்கு முன் அழுக்கான சுவருக்கு அவள் ஏன் பெயிண்டிங் பணம் தரவேண்டும்?

அதனால் ஒரு ஆள் மாறும்போதெல்லாம் அன்றைய தேதிக்குக் கணக்கை முடியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். உங்கள் வீட்டில் அது ஆளுக்கு 7,000. இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 300. பத்து மாதம் இருந்து போகிறவள் 3,000 ரூபாயை விட்டுப்போகட்டும். அதுவரை சரிசெய்யாத சேதம் 4,000 இருந்தால், அதில் அவள் பங்கு 1,000. ஆக, புதியவள் அவளிடம் 31,000 கொடுத்தால் போதும். போகிற அன்று மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அவள் போனபின் வருகிற பில்லில் அவள் பங்கு எவ்வளவு என்று அந்த ரீடிங் சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் பெயர் மாற்றவேண்டும் என்று வீட்டுக்காரரிடமும் அன்றே சொல்லுங்கள். பழைய பெயரே நீடித்தால், போனவள் எங்கோ இருந்துகொண்டு பொறுப்பைச் சுமப்பாள். வந்தவள் பணத்தைக் கொடுத்தும் உரிமை இல்லாமல் இருப்பாள்.

உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். போகிறவள் ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும்; மாற்று ஆள் வரும்வரை அவள் பங்கு வாடகை யாருடையது என்று முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். ஒருத்தியால் மட்டும் வந்த சேதம் அவளுடையது. யாரால் என்று தெரியாதது நால்வருக்கும் பொது.

காலி செய்தபின், கழிக்கவேண்டியதைக் கழித்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே வாடகைச் சட்டம்தான். கழித்ததற்குக் கணக்குக் கேளுங்கள். பணம் முதலில் யார் கணக்குக்கு வந்தாலும், அன்றைக்கே மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடவேண்டும். நாளைக்கு என்று வைத்துக்கொள்ளும் பணம் இன்னொரு வீட்டு அம்மாவின் சீட்டுப் பணம்.

கடைசியாக ஒன்று. ஒருத்திக்கு வேலை போய், பங்கு தர முடியாத நிலை வரலாம். அப்போது இந்தத் தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டாதே. மூன்று பேரும் சேர்ந்து தாங்குங்கள். எவ்வளவு தாங்கினீர்கள் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். எவ்வளவு என்று தெரிந்த கடனைத்தான் அவளால் தலை நிமிர்ந்து திருப்பித் தரமுடியும். வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் உங்களால் முடியும்.

நால்வரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
சித்தி