ஜீனோவைச் சந்திக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும்

பழைய அறிவியல் நாவலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பலரும் அதற்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகிறார்கள். எழுத்தாளர் சொன்னது பலித்ததா, பொய்த்ததா? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அப்படிப் படித்தால் பத்துப் பக்கத்திலேயே மூடிவிடுவீர்கள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. நடப்பதோ 2020-களின் தொடக்கத்தில். அந்தக் காலத்தை நாம் கடந்தே விட்டோம்.

சுஜாதா, பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். ஆகவே அவர் கதையை ஒரு கணக்கைப் போலப் படியுங்கள்: எதை வைத்துக்கொண்டார், அதிலிருந்து என்னென்ன வருகிறது?

ஓர் உதாரணம். அந்த நாட்டில் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. நிலா, சிபி, ரவி, ஜீவா. வேடிக்கையாக இருக்கிறதா? பென்சிலை எடுங்கள். தமிழில் 247 எழுத்துகள். இரண்டெழுத்துச் சேர்க்கைகள் 247 × 247 = 61,009. ('ஜீ' இந்தக் கணக்கில் இல்லை, கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் சற்றுக் கூடும்.) இவற்றில் சிலவற்றை வாயால் சொல்லவே முடியாது. மலேசியாவின் மக்கள் தொகை மட்டுமே 3 கோடிக்கு மேல். அப்படியானால் அங்கே பெயரை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியாது. ஆளுக்கோர் எண் வேண்டும். கதையில் அதுவும் இருக்கிறது.

உங்களிடமும் இருக்கிறது, 12 வயதில் வாங்கிய மைகார்டில். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: கோலாலம்பூருக்குப் பெரும்பாலும் 14, சிலாங்கூருக்கு 10. செராஸ் இந்த இரண்டிலும் பரவிக் கிடப்பதால் உங்கள் வகுப்பிலேயே இரண்டும் இருக்கலாம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெயரே தெரியாமல் உங்கள் வயதையும் பிறந்த ஊரையும் ஒருவர் சொல்லிவிட முடியும். நாவலில் அரசு இதைவிட நெடுந்தூரம் போகிறது. ஒருவர் எத்தனை ஆண்டுகள் வாழலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிபி காணாமல் போனதும் நிலா படும் பாடு அப்போதுதான் உறைக்கும்.

இனி ஜீனோ. அது ரோபோ நாய். சோனியின் 'ஐபோ' ரோபோ நாய் 1999-இல் விற்பனைக்கு வந்தது என்று சொல்லிப் பெருமைப்படலாம்தான். ஆனால் ஜீனோ புத்தகம் படிக்கும், வாதாடும். செராஸ் வழியாகக் காஜாங் போகும் எம்.ஆர்.டி. ரயிலும் ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. ஆனால் கொடுத்த கட்டளையைத் தாண்டி அது எதையும் செய்வதில்லை. யாரும் சொல்லாத ஒன்றை ஜீனோ தானாக முடிவு செய்வது முதலில் எந்தப் பக்கத்தில்? அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். 'மீண்டும் ஜீனோ'வைப் படிக்கும்போது தேவைப்படும்.