ஆர்டுயினோவில் இக்னிஷன் டைமிங்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிந்தது நேரம்; எஞ்சினுக்கு வேண்டியது கோணம். 6000 ஆர்.பி.எம். வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோ விநாடிதான் ஆகிறது. ஒரு ஸ்பார்க் விடுபட்டால் கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான். தவறான இடத்தில் விழுந்த ஸ்பார்க் எஞ்சினையே உடைக்கும். ஒற்றை சிலிண்டர் பைக்குக்கு ஆர்டுயினோ ஊனோவில் நிரல் எழுதுவோர் இதை மறக்கவே கூடாது.

செய்ய வேண்டியவை

• கிராங்கின் நிலையைச் சொல்லும் பிக்கப் சிக்னலை டைமர் 1-இன் இன்புட் கேப்சர் வழியாக, 8-ஆம் பின்னில் வாங்குங்கள். துடிப்பு வந்த கணத்தை சிப்பே குறித்துக்கொள்ளும். நிரல் வேறு வேலையில் இருந்தாலும் கணக்கு பிசகாது.

• டைமர் நிரம்பி வழிவதையும் எண்ணுங்கள். 4 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் 262 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். கிக்கரை மெதுவாக மிதித்தால் ஒரு சுற்றுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம்.

• காயில் சார்ஜ் ஆவதை முந்தைய துடிப்பிலிருந்தே கணக்கிடுங்கள். 3 மில்லி விநாடி தேவைப்படும் காயிலுக்கு, 6000 ஆர்.பி.எம்.மில் அது 108 டிகிரி.

• காயிலை ஆன்-ஆஃப் செய்யும் ஐ.ஜி.பி.டி.யின் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். போர்டு ரீசெட் ஆகும்போது காயில் தானாக ஆன் ஆகக்கூடாது.

• முதலில் டைமிங்கை 10 டிகிரியில் நிலையாக வைத்து, டைமிங் லைட்டில் ஃபிளைவீல் குறியோடு ஒத்துப்பாருங்கள். அது பொருந்திய பிறகே வேகத்துக்கேற்ற அட்டவணை.

செய்யக்கூடாதவை

• இன்டரப்ட்டுக்குள் டிலே, சீரியல் பிரிண்ட் வேண்டாம். அனலாக்ரீட் ஒன்றுக்கே சுமார் 100 மைக்ரோ விநாடி. 6000-இல் அது மூன்றரை டிகிரி.

• பிக்கப் காயிலை நேராகப் பின்னில் கொடுக்காதீர்கள். வேகம் ஏற ஏற அதன் வோல்டேஜும் ஏறும், சிப் தாங்காது. நடுவில் சிக்னல் சர்க்யூட் வேண்டும்.

• சந்தேகமான துடிப்பை நம்பி காயிலை சார்ஜ் செய்யத் தொடங்காதீர்கள். சார்ஜ் ஆன காயிலை ஆஃப் செய்தால் அதுவே ஸ்பார்க் ஆகிவிடும். நிறுத்த வேண்டிய இடம் அதற்கு முன்புதான்.

• ஸ்டார்ட் ஆகும்போது அட்வான்ஸை ஏற்றாதீர்கள். கிக்கர் திருப்பியடித்து காலைப் பதம் பார்க்கும். ஓட்டத்தில் அளவுமீறி ஏற்றினால் நாக்கிங் வரும். தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

• ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போடாதீர்கள். அதன் இரைச்சல் பொய்த் துடிப்புகளாக உள்ளே வரும்.

• இன்னொரு ஆர்டுயினோவால் போலித் துடிப்பு கொடுத்து மேசையில் சோதிக்காமல் எஞ்சினில் பூட்டாதீர்கள். துடிப்பை நடுவில் விட்டும், கூடுதலாகச் சேர்த்தும் பாருங்கள். அப்போதும் தப்பான ஸ்பார்க் வரவில்லையென்றால்தான் அந்த நிரலை நம்பலாம்.