உப்பளக் கணக்கிலிருந்து உயிர் காக்கும் பணிக்கு

முன்னுரை

"படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று" என்று பெரியவர்கள் வருத்தத்துடன் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்குப் போவதைத் தோல்வி என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பிறர் உயிரைக் காப்பதற்காகத் தொழிலை மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது. முன்பு கற்றதும் வீணாகாது. இதை என் சித்தியின் வாழ்க்கையிலிருந்து அறிந்துகொண்டேன். தோழியரே, அதையே இக்கட்டுரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

உப்பளத்தில் ஒரு நாள்

எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. மரக்காணத்து உப்பளங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடை வெயில் ஏற ஏறத்தான் பாத்தியில் உப்பு விளையும். அந்த வெயிலில்தான் என் தாத்தா வேலை செய்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, மே மாதத்தில் ஒரு நாள், தாத்தா வரப்பில் சாய்ந்து விழுந்தார். எல்லோரும் ஓடி வந்தனர். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் காற்றைக்கூட மறைத்தனர். பிறகு ஒரு டெம்போவில் ஏற்றிக் கொண்டு போனார்கள். மருத்துவமனையை அடைவதற்குள் தாத்தா இறந்துவிட்டார். அங்கிருந்த அனைவரும் அவர்மேல் அன்புடையவர்களே. ஆயினும் என்ன செய்ய வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது சித்தி விலங்கியலில் பட்டம் பெற்று, உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதி வந்தார். தாத்தாவின் மறைவுக்குப் பின் அந்த வேலையை விட்டு, 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 26.

"கல்யாணம் ஆக வேண்டிய பெண் ராத்திரி நேரத்தில் ரோட்டில் அலைவதா?" என்று ஆயா அழுதார். சித்தி, "அம்மா, அப்பாவைச் சுற்றி அன்று இருபது பேர் நின்றோம். தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் போதும்" என்றார். அதற்கு ஆயா பதில் சொல்லவில்லை.

பாராமெடிக் என்பவர் யார்?

மருத்துவர் இருக்கும் இடத்திற்கு நோயாளி போய்ச் சேரும் வரை, வழியிலேயே அவர் உயிரைக் காப்பவரே பாராமெடிக். மூச்சுக்குழாயில் அடைப்பு இல்லாமல் பார்ப்பது, பிராணவாயு கொடுப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பது ஆகியன அவர் பணிகளாம்.

நம் நாட்டில் 108 சேவை 2005-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டிற்கு 2008-இல் வந்தது. இது முற்றிலும் இலவசம். செவிலியர் படிப்பு முடித்தவர்கள் மட்டுமன்றி, விலங்கியல், தாவரவியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும் மருத்துவ உதவியாளர் ஆகலாம். தேர்வான பின் ஏறத்தாழ 50 நாள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் பயிற்சி உண்டு. பிறகு பகலும் இரவும் மாறி மாறி 12 மணி நேரப் பணி.

தொழிலை மாற்றிக்கொண்டவர்கள்

சித்தியைப் போன்றோர் உலகில் முன்பும் இருந்திருக்கின்றனர். இத்தாலியில் 1550-இல் பிறந்த புனித கமில்லஸ் இளமையில் ஒரு போர்வீரர். சூதாட்டத்தில் உடைமைகளை இழந்தவர். 1575-இல் மனம் மாறினார். தம் காலில் இருந்த ஆறாத புண்ணுடனேயே ரோமாபுரி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அவர் நிறுவிய சபையினர் அங்கியில் சிவப்புச் சிலுவை அணிந்து, போர்க்களத்தில் காயமுற்றோரையும் பேணினர். முன்பு போர் செய்தவர் பின்பு போரில் வீழ்ந்தவர்களுக்குத் துணையானார்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு காலத்தில் நோயாளிகளைப் போலீஸ் வண்டியில்தான் ஏற்றிச் சென்றனர். வண்டியில் சிகிச்சை எதுவும் கிடையாது. பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் தம் சிறு மகளை 1966-இல் ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார். மறுஆண்டு, வேலையின்றி இருந்த கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் திட்டத்திற்கு அவர் துணைநின்றார். அவர்களில் சிலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அவர்களது ஆம்புலன்ஸ் சேவை 1975 வரை நடந்தது. பயிற்சி பெற்ற பாராமெடிக் சேவைக்கு அது பிற ஊர்களுக்கும் வழிகாட்டியது.

முன்பு கற்றது வீணாகுமா?

"கணக்கு எழுதிய வருடங்கள் வீண்தானே சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். "நாடித்துடிப்பு எத்தனை, மருந்து கொடுத்த நேரம் என்ன என்று ஓடும் வண்டியில் பிழையில்லாமல் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? உப்பளத்து ஆட்களிடம் பேசிப் பழகியதால், பயந்து போனவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியும்" என்றார்.

எல்லா நாளும் வெற்றி இல்லை. சில நாள் சித்தி வீட்டுக்கு வந்ததும் யாருடனும் பேசுவதில்லை. "அப்பாவுக்கு அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அதுதான் வலிக்கிறது" என்று ஒருமுறை சொன்னார். ஆனால் ஓடும் வண்டியில் பிறந்த ஒரு குழந்தையைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்த இரவைப் பற்றிச் சொன்னபோது, ஆயா அருகில் வந்து உட்கார்ந்து கேட்டார். இப்போது இரவுப் பணிக்குச் சாப்பாடு கட்டித் தருபவர் ஆயாதான்.

நாம் கற்க வேண்டியவை

சித்தி எனக்குக் கற்பித்தவற்றை இங்கே தருகிறேன்.

1. உடனே 108-ஐ அழைத்து, ஊரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு இருந்தால், அடிபடாதவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

3. நினைவும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால், நடுமார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

4. வெயிலில் மயங்கியவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும்.

5. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும்.

விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

முடிவுரை

பத்தாம் வகுப்பு முடிக்கும் நம்மிடம், "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று அனைவரும் கேட்கிறார்கள். இன்று தேர்ந்தெடுப்பதே முடிவு என்று அஞ்ச வேண்டாம். எதைக் கற்றாலும் நன்றாகக் கற்போம். பிறர் துன்பம் அழைக்கும்போது வழியை மாற்றிக்கொள்ளவும் துணிவோம். ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய சில நிமிடங்கள் நம் கையில்தான் இருக்கின்றன. அந்நேரத்தில் சுற்றி நிற்கும் இருபது பேரில், தெரிந்த ஒருத்தியாக நாம் இருப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்புத்துப்பட்டு